கடற்கரையில் டாக்டர் ரெபேக்காள் சொன்னது

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவர் பக்தவத்சலம் அவர்களே, மறைந்த மருத்துவரின் தம்பி திரு. சாம் அவர்களே, உடற்கூறியல் துறையின் இன்றைய தலைவர் டாக்டர் மீரா அவர்களே, கொளவாய் ஏரிக்கரையில் இருக்கும் இந்தச் சின்ன மண்டபத்தில் இடம் போதாமல் வாசலிலும் படியிலும் நின்றுகொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, நெம்மேலியிலிருந்தும் கோவளத்திலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் கடற்கரை மக்களே, மருத்துவ மாணவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் கேசவன். உடற்கூறியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தாயின் வயிற்றுக்குள் மனித உடம்பு எப்படி உருவாகிறது என்பதுதான் நான் வாழ்நாளெல்லாம் கற்பித்த பாடம். டாக்டர் ரெபேக்காளும் நானும் ஒரே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வேலை பார்த்தோம். அவர் உயிர் வரும் வாசலில் நின்றார். நான் உயிர் போன உடல்களின் நடுவே நின்றேன். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் நின்று பேசிய பேச்சுத்தான் எங்கள் நட்பு.

அவரைப் பற்றி எதைச் சொல்வேன்? எதை விடுவேன்? அவர் கையில் பிறந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர் இருப்பீர்கள்! அதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கோ அவர் போன நாளிலிருந்து ஒரே காட்சிதான் கண்ணில் நிற்கிறது. பத்திரிகையை விரித்தால் எழுத்துகளுக்குப் பின்னால் அது அசைகிறது. கண்ணை மூடினால் இன்னும் தெளிவாகிறது. கடல். இருட்டத் தொடங்கும் வேளை. இரண்டு படகுகளுக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணி. துணியில் மிதக்கும் ஒரு முட்டை. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, உரக்கப் பேசத் தெரியாத ஒரு பெண்மணி தன் வாழ்க்கையிலேயே பெரிய வார்த்தையை மெல்லச் சொல்கிறார்.

அந்த ஒரு மாலையைப் பற்றி மட்டும் இங்கே பேச அனுமதியுங்கள்.

டாக்டர் ரெபேக்காள் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவர். தாயும் தகப்பனும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். மிஷன் பள்ளியில் படித்தார், சென்னையில் மருத்துவம் படித்தார், மகப்பேறு மருத்துவராகச் செங்கல்பட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு வேறெங்கும் போகவில்லை. குழந்தை இல்லை என்று ஒரு பெண் வந்தால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "வீட்டுக்காரர் எங்கே?" என்பதுதான். அந்தப் பெண்ணோடு மாமியார் வந்திருப்பார், நாத்தனார் வந்திருப்பார், சில சமயம் ஊர்ப் பெரியவர்கூட வந்திருப்பார். புருஷன் மட்டும் வந்திருக்க மாட்டார். டாக்டர் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கருப்பையை வரைந்து காட்டுவார். "இது ஒரு சின்னக் கொய்யாக்காய் அளவுதான் இருக்கும். இத்தனூண்டு ஒன்றுக்காகவா இத்தனை பேர் உன்னை ஏசுகிறார்கள்?" என்று கேட்பார். அழுதுகொண்டு வந்த பெண்ணும் சிரித்துவிடுவாள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வரலட்சுமி. அதோ, முன் வரிசையில் கணவர் முத்துசாமியோடு உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் கதையைச் சபையில் சொல்லலாமா என்று நேற்று இருவரையும் கேட்டேன். முத்துசாமி, "தாராளமா சொல்லு சார். நாங்களே ஊரெல்லாம் சொல்லிகினுதான கீறோம்" என்றார். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறாம் வருடம். நெம்மேலிக்குப் பக்கத்துக் குப்பத்தில் முத்துசாமி படகு இன்ஜின் பழுது பார்க்கும் கொட்டகை வைத்திருந்தார். பெற்றோர் சின்ன வயதிலேயே போய்விட, அக்கா சகுந்தலாதான் இட்லி சுட்டு விற்று அவரை வளர்த்தார். கல்யாணமாகிப் பல வருடமாகியும் வரலட்சுமிக்குக் குழந்தை இல்லை. டாக்டர் ரெபேக்காள் பரிசோதித்தார். கருப்பை நன்றாக இருந்தது. மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் கருக்குழாய்கள் இரண்டும் திறந்திருந்தன. மாதவிலக்கு ஒழுங்காக வந்தது. அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவர் முத்துசாமி. அவர் வரவில்லை. கேட்டால் வேலை என்பார், காய்ச்சல் என்பார். இதற்குள் சகுந்தலா தம்பிக்கு வேறு பெண் பார்த்துவிட்டார். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

வரலட்சுமி டாக்டரிடம் வந்தார். தன்னைக் காப்பாற்றச் சொல்லி வரவில்லை. அவர் கேட்டது வேறு.

"எங்கிட்டதான் கொறைன்னு சொல்லிடு டாக்டரம்மா. அவுரு நாலு பேரு முன்னால தலைய குனிஞ்சிகினு நிக்கறத என்னால பாக்க முடியாது."

தன் வாழ்க்கையைப் பிடுங்கிக்கொள்ளப் போகிற பொய்யை அந்தப் பெண் தானே வந்து கேட்டார்! டாக்டர் அவரைக் கண்டிக்கவும் இல்லை, உபதேசம் செய்யவும் இல்லை. உங்கள் குப்பத்தில் எந்தக் கிழமை படகு கடலுக்குப் போகாது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்று மத்தியானம் வேப்பமரத்தடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். என் துறையில் கருவளர்ச்சி பற்றிய பட வில்லைகளும் அவற்றைத் திரையில் காட்டும் கருவியும் இருந்தன. அவை வேண்டும் என்றார். கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"நீங்களும் வரணும் சார். ஆம்பிளை உடம்பைப் பத்தி நான் பேசினா யாரும் காது குடுக்க மாட்டாங்க. ஒரு ஆம்பிளைதான் பேசணும்."

எனக்கு வேர்த்துவிட்டது. பிணத்தை முன்னால் வைத்துக்கொண்டு கூசாமல் பேசியவன் நான். உயிரோடு இருக்கிறவர்கள் முன்னால், அதுவும் தாய்மார்கள் முன்னால், இதையெல்லாம் எப்படிப் பேசுவது? ஆனாலும் அவரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. உங்களில் யாராவது சொல்லியிருக்கிறீர்களா?

என் பழைய பியட் காரில் கருவியை ஏற்றிக்கொண்டு போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது இத்தனை அகலமில்லை. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் முதலில் தயங்கினார்கள். குடும்ப நலப் படம் என்று நினைத்து, சரி, காட்டிவிட்டுப் போங்கள் என்றார்கள். கரையேற்றி வைத்திருந்த இரண்டு படகுகளுக்கு நடுவே வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துக் கட்டினோம். மின்சாரத்துக்கு முத்துசாமியின் கொட்டகையிலிருந்தே ஜெனரேட்டர் வந்தது. கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். எதற்காக இந்த ஏற்பாடு என்று அவருக்குத் தெரியாது.

வெயில் தாழ்ந்து, வானம் சாம்பல் நிறமாகி, கடலுக்கும் வானத்துக்கும் நடுவிலிருந்த கோடு அழிந்துபோன நேரம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக மணலில் உட்கார்ந்தார்கள். கருவியின் விளக்கு எரிந்தது. துணியில் ஒரு பெண்ணுடம்பின் உட்புறம் தெரிந்தது.

டாக்டர் பேச ஆரம்பித்தார். அந்தக் குரலை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுவது போன்ற குரல். கொய்யாக்காய் அளவில் கருப்பை, அதன் இரு தோள்களிலிருந்தும் நீளும் குழாய்கள், குழாய் முடியும் இடத்தில் விரல்களைப் போல விரிந்த ஓரம், அதன் அருகே வாதுமைக் கொட்டை போல ஒரு சினைப்பை. மாதம் ஒருமுறை சினைப்பையின் மேல் ஒரு சின்னக் கொப்புளம் எழும்புகிறது, பழுக்கிறது, வெடிக்கிறது. உள்ளிருந்து ஒரு முட்டை வெளியே வருகிறது. குழாயின் விரல்கள் அதைத் தேடி வந்து தழுவி உள்ளே வாங்கிக்கொள்கின்றன. குழாயின் உட்சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். நாற்றங்கால் காற்றுக்குச் சாய்வதுபோல அவை ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, முட்டையைக் கருப்பையின் பக்கம் கொண்டுபோகின்றன. அங்கே கருப்பை ஒரு மெத்தையை விரித்து வைத்துக் காத்திருக்கிறது. கரு வராத மாதம் அந்த மெத்தையைக் கலைத்து வெளியே அனுப்பிவிடுகிறது. தீட்டு என்று நாம் ஒதுக்கி வைப்பது அந்த மெத்தையைத்தான் என்றார் டாக்டர்.

அடுத்த வில்லையைப் போட்டேன். தனி முட்டை ஒன்று, துணி நிறைய. வட்டமாக, விளிம்பில் ஒளி படிந்தது போல. முட்டையின் அளவைக் காட்ட டாக்டர் குனிந்து மணலை எடுத்தார். ஊதி ஊதிப் பறக்கவிட்டு, விரல் நுனியில் ஒட்டிய கடைசிப் பொடியைக் காட்டினார். "இவ்வளவுதான். நாமெல்லாம் ஒருநாள் இவ்வளவுதான் இருந்தோம்." அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று துணியைப் புடைத்தது. முட்டை மெல்ல மேலே எழும்பி, தாழ்ந்து, மறுபடி எழும்பியது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "நீந்துது பாரேன்" என்றார்கள். நான் என் வாழ்நாளில் எத்தனையோ முறை காட்டிய படம் அது. அன்றுதான் அதை நானே முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

பிறகு என் முறை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆண் இனப்பெருக்க மண்டலமானது" என்று தொடங்கினேன். டாக்டர் என் காதருகே, "சார், தமிழ்ல பேசுங்க" என்றார். நான் பேசியது தமிழ்தான்! ஆனாலும் புரிந்தது. ஆணுக்கு விதைகள் ஏன் உடம்புக்கு வெளியே இருக்கின்றன என்று சொன்னேன். விந்தணு உருவாக உடம்பின் உள்சூடு ஆகாது, கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும் என்றேன். ஒரு பெரியவர், "ஐஸ்ல வெச்ச மீனு மாதிரியா சார்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றேன். கரையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் கூச்சமும் போய்விட்டது. விந்தணு விதையில் பிறந்து, சுருண்டு கிடக்கும் நீண்ட குழாயில் தங்கி முதிர்ந்து, விந்துக்குழாய் வழியாகப் பயணப்படுவதைச் சொன்னேன். இந்த வழியில் எங்கே தடங்கல் இருந்தாலும் முட்டை மட்டும் தனியாகக் காத்திருந்து கரைந்துபோகும் என்றேன். ஆண்மைக்கும் விந்தணுவுக்கும் சம்பந்தமில்லை, நல்ல பலசாலிக்கும் விந்தணு இல்லாமல் இருக்கலாம் என்றேன். முத்துசாமி ஜெனரேட்டரின் பக்கத்தில் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் சகுந்தலா எழுந்தார்.

"இத்தினி படம் காட்டுன. நல்லாத்தான் கீது. ஒரு பொம்பளைக்கு அந்தப் பை சரியில்லன்னா அவ இன்னாத்துக்கு ஆவா? அவ பொம்பளையில சேத்தியா?"

யாரைக் குறித்துக் கேட்கிறார் என்று குப்பம் முழுவதற்கும் தெரியும். வரலட்சுமி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். டாக்டர் நினைத்திருந்தால், வரலட்சுமியிடம் ஒரு குறையும் இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? வரலட்சுமி தப்பித்திருப்பார். உண்மையிலேயே கருப்பையில் கோளாறு உள்ள இன்னொருத்தி? அந்தக் கூட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? அவளுக்கு யார் பதில் சொல்வது?

டாக்டர் ரெபேக்காள் துணியின் பக்கத்தில் வந்து நின்றார். பாதி முகத்தில் படத்தின் வெளிச்சம் விழுந்தது.

"நல்ல கேள்வி கேட்டீங்கம்மா. எனக்கு அந்தப் பை கிடையாது. சரியில்லாம இல்ல, இல்லவே இல்ல. பொறக்கும்போதே இல்ல. நான் வயசுக்கும் வரல. நான் இன்னாத்துக்கு ஆவேன்னு நீங்களே சொல்லுங்க."

சபையோரே, பல வருடம் பழகிய எனக்கே அது தெரியாது! கடலே ஒரு நிமிடம் பின்வாங்கி நின்றது போல இருந்தது எனக்கு. அதற்கு முந்திய மழைக்காலத்தில் சகுந்தலாவின் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பிழைத்ததே டாக்டர் ரெபேக்காளின் கையால்தான். அதை டாக்டர் சொல்லிக் காட்டவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. சகுந்தலா உட்கார்ந்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்து அடுத்த படம் என்று கையசைத்தார். நான் போட்ட வில்லை தலைகீழாக விழுந்தது. அதையும் அவர்தான் சரிசெய்தார்.

திரும்பி வரும்போது கார் சவுக்குத் தோப்புகளைத் தாண்டியது. பிறகு அவராகவே சொன்னார். தன்னோடொத்த பெண்களெல்லாம் வயதுக்கு வந்துவிட, தான் மட்டும் வரவில்லை. ஊர் பேச ஆரம்பித்தது. ஒருநாள் அவருடைய தாய் மகள் வயதுக்கு வந்துவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொல்லி, புதுப்புடவை கட்டி உட்கார வைத்து, மஞ்சள் நீர் ஊற்றி, எல்லோருக்கும் புட்டு கொடுத்தாராம். உள்ளே உளுந்தங்களி தின்றுகொண்டு, நடக்காத ஒன்றுக்காகத் தான் வெட்கப்பட்டதாகச் சொன்னார். எல்லோரும் போன பிறகு தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாத்திரம் கழுவினார்களாம். காரணம் என்ன என்று தெரிந்தது மருத்துவக் கல்லூரிக்குப் போன பிறகுதான். சினைப்பைகள் இருந்தன, அவை சுரக்க வேண்டியதைச் சுரந்தன. அதனால்தான் குரல், மார்பு, முகம் எல்லாம் பெண்ணாக வளர்ந்தன. கருப்பை மட்டும் உருவாகவே இல்லை. ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளும் பேச்சு வந்ததாம். அவரிடம் உண்மையைச் சொன்னாராம். அவர் மரியாதையாக விலகிக்கொண்டாராம். இவ்வளவையும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லி முடித்தார். வயல்களின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த மாலைக்கு அவர் விலை கொடுக்காமல் இல்லை. கடற்கரையில் சொன்னது செங்கல்பட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்? மலடி கை வைத்தால் பிரசவம் விளங்குமா என்று கேட்டார்கள். நிறைமாதப் பெண்ணை அவரிடமிருந்து வேறு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். மருத்துவர் தன் சொந்த விஷயத்தைப் பொதுவில் பேசலாமா என்று கூட வேலை பார்த்த டாக்டர்களே முணுமுணுத்தார்கள். ஒரு மத்தியானம் இதே ஏரிக்கரையில் அவர் தனியாக உட்கார்ந்திருக்கக் கண்டேன். சொன்னதற்காக வருத்தமா என்று கேட்டேன்.

"வருத்தமில்லேன்னு சொல்ல முடியாது சார். ஆனா லேசா இருக்கு."

அவர் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீரில் ரயிலின் நிழல் நீளமாகப் போனது.

அந்த நாட்களில் குப்பத்திலிருந்து டாக்டரைத் தேடி முதலில் வந்தவர் யார் தெரியுமா? சகுந்தலா! முத்துசாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வரிசையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் முன்னால், "எந்தம்பிய கூட்டிகினு வந்துட்டேன். இன்னா பாக்கணுமோ பாத்துக்க" என்றார். சொல்ல வேண்டியிருந்ததெல்லாம் அதற்குள் இருந்தது.

பரிசோதனையில் முத்துசாமியின் விந்துவில் விந்தணு ஒன்றுகூட இல்லை. டாக்டர் என்னை அழைத்துப் பார்க்கச் சொன்னார். விந்துக்குழாய் என்பது கைக்குத் தட்டுப்படும், உறுதியான கயிறு போல இருக்கும். முத்துசாமிக்கு இரண்டு பக்கமும் அது இல்லை. பிறவியிலேயே இல்லை. விதைகள் நன்றாக இருந்தன.

அவரை என் துறைக்கு அழைத்துப்போய் ஒரு படத்தைக் காட்டினேன். சபையோரே, மருத்துவம் படித்தவர்களுக்கு இது தெரிந்த செய்தி. மற்றவர்களும் கேளுங்கள். கருவில் முதல் சில வாரங்கள் ஆணென்றும் பெண்ணென்றும் அடையாளம் தெரியாது. ஒவ்வொரு கருவுக்குள்ளும் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கும். ஒரு ஜோடி ஆணுக்கான வழி, ஒரு ஜோடி பெண்ணுக்கான வழி. நாம் எல்லோரும், இந்த மேடையில் இருப்பவர்களும் வாசலில் நிற்பவர்களும், இரண்டு வழிகளோடும்தான் தொடங்கினோம். பிறகு ஆண் கருவில் பெண் வழி கரைகிறது, பெண் கருவில் ஆண் வழி கரைகிறது. மீதமிருக்கும் வழி வளர்ந்து ஆணுக்கு விந்துக்குழாயாகிறது, பெண்ணுக்குக் கருப்பையும் கருக்குழாயுமாகிறது. எங்கோ ஆயிரத்தில் ஒருவருக்கோ சில ஆயிரத்தில் ஒருவருக்கோ, இருக்க வேண்டிய வழியும் வளராமல் போய்விடுகிறது. இது யார் செய்த பாவம்? யார் வாங்கிய சாபம்? இருட்டுக்குள், யாரும் பார்க்காத இடத்தில், நெல்மணி அளவுள்ள உடம்புக்குள் நடந்துமுடிந்த ஒன்று!

முத்துசாமி படத்திலிருந்த குழாய்களை விரலால் தொடர்ந்துகொண்டே போனார். "அப்ப இன்ஜின் ஓடுது. பைப்புதான் இல்ல. அப்டித்தான சார்?" என்றார்.

அப்படித்தான் என்றேன்.

பக்கத்தில் நின்ற டாக்டர் சொன்னார்: "நீங்களும் நானும் ஒரே சாதி, முத்துசாமி."

அந்த வார்த்தையை நம் ஊரில் யார் யாரிடம் எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர் அதை எடுத்துத் துடைத்து வேறொன்றாக்கி அந்த மனிதன் கையில் கொடுத்தார். முத்துசாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

இரண்டாம் கல்யாணப் பேச்சைச் சகுந்தலாவே அந்தப் பெண் வீட்டுக்குப் போய் நிறுத்தினார். முத்துசாமி அதைவிடப் பெரிய காரியம் செய்தார். கொட்டகைக்கு வந்து விசாரித்தவர்களிடமெல்லாம், கோளாறு தனக்குத்தான் என்று இன்ஜினைக் கழற்றிக்கொண்டே சொன்னார். சொல்லச் சொல்ல என்ன நடந்தது? நெம்மேலியிலிருந்து, கோவளத்திலிருந்து, கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து, மனைவிமாரோடு கணவன்மாரும் வரத் தொடங்கினார்கள். டாக்டர் ரெபேக்காளின் அறை வாசலில் ஆண்களுக்கும் ஒரு பெஞ்சு போட வேண்டியதாயிற்று! விலகிப் போனவர்களிலும் பலர் திரும்பி வந்தார்கள். கருப்பை எடுக்கப்பட்டவர்கள், கருப்பை இறங்கியவர்கள், வயதுக்கு வராத மகளை முந்தானைக்குள் மறைத்து அழைத்துவந்த தாய்மார்கள் எல்லோரும் வந்தார்கள். அந்த மகள்களோடு மட்டும் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசுவார். என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை. வெளியே வரும்போது அந்தப் பெண்கள் நிமிர்ந்து நடப்பார்கள்.

வரலட்சுமிக்கும் முத்துசாமிக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழந்தை பிறந்தது என்று சொன்னால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பிறக்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, விதையிலிருந்தே விந்தணுவை ஊசியால் எடுத்து முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை சென்னையில் நடப்பதை அறிந்து, டாக்டரே ஏற்பாடு செய்து அனுப்பினார். கரு உண்டானது. தங்கவில்லை. மறுபடி முயலலாம் என்றார் டாக்டர். வரலட்சுமி, "போதும் டாக்டரம்மா. எங்களுக்கு நாங்களே போதும்" என்றார். டாக்டர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இதோ, உங்கள் முன்னால் அந்த இருவரும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களைவிட நிறைந்த தம்பதியை நான் பார்த்ததில்லை.

சென்ற மழைக்காலத்தில் டாக்டருக்கு இதயம் தளர்ந்தது. படுக்கையிலிருந்தபடியே டாக்டர் மீராவையும் என்னையும் வரவழைத்தார். தன் உடலை உடற்கூறியல் துறைக்குக் கொடுப்பதாகச் சொன்னார். தம்பி சாம் அவர்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை. தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் அக்காவுக்கு இடம் வைத்திருந்தார். தேவாலயத்திலும் உறவிலும் கேள்வி கேட்டார்கள். கடைசியில் சாம் என்னிடம், "அக்கா ஒண்ணு சொல்லிட்டாங்கன்னா சொன்னதுதான் சார். நான் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். ஐயா, உங்களுக்கு இந்தச் சபையின் சார்பில் தலை வணங்குகிறேன்.

எங்களிடம் அவர் ஒன்று கேட்டுக்கொண்டார். வழக்கமாக அறுத்துப் பாடம் படிக்கும் மேசையில் இருப்பவரின் பெயரை மாணவர்களிடம் சொல்வதில்லை. தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார்.

"புத்தகத்தைப் பாத்துக் கருப்பையத் தேடுவாங்க. தேடட்டும். கிடைக்காது. கிடைக்கலன்னா பயப்பட வேணாம்னு சொல்லுங்க. இவளும் முழுப் பொம்பளைதான்னு சொல்லுங்க."

சொல்வோம், டாக்டர். ஆண்டுதோறும் புதிதாக வரும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒவ்வொரு மாணவிக்கும் சொல்வோம். உடம்பைப் பற்றிய வெட்கம் உண்மையைக் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்வோம். குழந்தை இல்லை என்று ஒரு பெண் தனியாக வந்து நின்றால், வீட்டுக்காரர் எங்கே என்று முதலில் கேட்போம். இது இந்தச் சபை உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு!

வாக்குக் கொடுத்துவிட்டுக் கலைந்து போவது சுலபம். ஆகவே ஒரு காரியத்தையும் சொல்லி முடிக்கிறேன். டாக்டர் படுக்கையில் விழுவதற்கு முன்னால், கோவளத்தில் படம் காட்ட ஒப்புக்கொண்டிருந்தார். வரும் பௌர்ணமிக்கு மறுநாள் மாலை. ஊர்க்காரர்கள் தள்ளிப்போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆண்களைப் பற்றி முத்துசாமி பேசுவார். என்னைவிட நன்றாகத் தமிழில் பேசுவார். வில்லைகளை நான் மாற்றுவேன். பெண்களைப் பற்றிப் பேசவும், யாராவது எழுந்து கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லவும் ஒரு டாக்டர் வேண்டும். இந்த மண்டபத்தில் எத்தனையோ டாக்டர்கள் இருக்கிறீர்கள்.

யார் வருகிறீர்கள்?

டாக்டர் மீரா கையை உயர்த்தியிருக்கிறார்.

நன்றி, அம்மா. அன்று நாலு மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். நான் அமர்கிறேன்.